உயர்திணை மக்களை அஃறிணை ஆக்காதீர்!

ஆன்பொருநை ஆற்றங்கரையில் அமைந்த தாராபுரத்தார் தம் ஊர்க்கு ஒரு பழம்பெருமை கூறுவர். பாண்டவர் ஐவரும் ஓராண்டு தம்மை மறைத்து வாழ்ந்த விராடபுரம் இவ்வூரே என்பது அவர் கூற்று. பாரதம் வடவர் கதை. அதில் வரும் ஊரைக் கொங்கு மண்ணில் தேடுவது வரலாறு ஆகாது. ஆயினும், ஓர் ஊர் தன்னைப் பற்றி எக்கதையைச் சொல்லி மகிழ்கின்றதோ, அக்கதையின் பொறுப்பும் அவ்வூரையே சாரும். அக்கதையில் விராடன் அரண்மனைக்குள் அருச்சுனன் எக்கோலத்தில் நுழைந்தான்? பேடிக் கோலத்தில் நுழைந்தான். அவ்வாறு வந்தவரை விராடன் வாயிலிலேயே நிறுத்தி நகைத்தானா? கல்லெறிந்து துரத்தினானா? இல்லை. தன் மகளுக்கு ஆடல் கற்பிக்கும் ஆசிரியப் பொறுப்பையே ஒப்படைத்தான் என்கிறது கதை.

கதைமன்னன் காட்டிய பெருந்தன்மையைக் கதை பேசும் மக்கள் காட்டுகின்றனரா? பதினேழு அகவை நிரம்பிய பிள்ளையொன்று, நெடுநாள் விழுங்கி வைத்த சொல்லை ஒருநாள் துணிந்து வெளியிடுகிறது: “அம்மா, நான் உன் மகன் அல்லேன், உன் மகள்.” அவ்வளவே! அடுப்பங்கரையில் ஏனம் உருளுகிறது. தந்தை தோட்டத்திலிருந்து ஓடி வருகிறார். தமையனின் கை ஓங்குகிறது. ‘ஊர் என்ன சொல்லும்? உறவு என்ன சொல்லும்? தங்கைக்கு இனி யார் பெண்கேட்டு வருவார்?’ என்று எல்லாரும் எல்லாரையும் கேட்கின்றனர். அப்பிள்ளையிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. சில நாள் கழித்து, மாற்றுடை ஒன்றிரண்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு, இருள் பிரியுமுன் கோவைப் பேருந்தில் ஏறிவிடுகிறது. கொங்கு நாட்டில் இவ்வாறு ஊரை விட்டு ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர்!

அருச்சுனன் கோலம் கொண்டது தன்னை ஒளித்துக்கொள்ள. இப்பிள்ளைகள் கோலம் மாற்றுவதோ ஒளிந்து வாழ்ந்தது போதும் என்று வெளிப்படுவதற்கு. ஒளிய வந்தவனுக்கு அரண்மனை கிடைத்தது. வெளிப்பட வந்தவர்க்குத் திண்ணையும் இல்லை என்றால், இது என்ன முறை?

ஒருவர் தம் பிறப்பில் குறிக்கப்பெற்ற பாலை விடுத்துத் தாம் உணர்ந்த பாலில் வாழத் தலைப்படுங்கால், அவர்க்கு முதற்கண் வேண்டுவது மருந்தன்று; அறுவையும் அன்று; அரசாணையும் அன்று. அவையெல்லாம் பின்னர் வருவன. முதற்கண் வேண்டுவது, தாம் தம்மை எவ்வாறு உணர்கின்றாரோ அவ்வாறே தம்மை அழைக்கும் ஒரு வாய். உலகமே எதிர்த்தாலும் தாங்கிக்கொள்ளும் துணிவு, அவ்வொரு வாயிலிருந்து பிறக்கின்றது. அந்த வாயைத் தரவேண்டியவர் பெற்றோர். அவ்வாய் பேசவேண்டிய சொல்லையோ, தமிழ் நெடுங்காலத்திற்கு முன்பே ஆக்கி வைத்திருக்கின்றது.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் தொடங்குகிறது. மக்கள் எனக் கருதப்படுவோர் உயர்திணை, அவரல்லாத பிற அஃறிணை என்று முதலில் வரையறுத்த தொல்காப்பியர், அடுத்து உயர்திணை முப்பாலையும் அஃறிணை இருபாலையும் சொல்கிறார். அதனை அடுத்த நான்காம் நூற்பாவிலேயே, வேறு எதனையும் தொடுமுன், ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்கும் மக்களை எடுத்துக்கொள்கிறார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை; அவர் உயர்திணைக்குரிய பாலீறுகளையே கொள்வர் என்பது அவர் முடிபு. அந்நூற்பாவில் அவர்க்குப் பக்கத்தில் அமர்த்தப்பட்டிருப்பது எப்பெயர் தெரியுமா? தெய்வப் பெயர்! தெய்வத்தையும் இம்மக்களையும் ஒரே நூற்பாவில் இணைத்து, இருவர்க்கும் ஒரே முடிபைக் கூறிய இலக்கணம் தமிழிலக்கணம்.

அவர் அத்துடன் அமையவில்லை. அவ்வியலிலேயே பின்னொரு நூற்பாவில், ஆண்மை திரிந்த பெயர் ஆண்பாற் சொல்லோடு முடிதற்கு இடமில்லை என்று தெளிவாக விலக்குகின்றார். அப்பெயர் பெண்பால் முடிபோ பலர்பால் முடிபோ கொள்ளும் என்று உரையாசிரியர்கள் விளக்கினர். இதன் பொருளை இன்றைய வீட்டு மொழியில் சொன்னால், ‘வந்தாள்’ எனலாம், ‘வந்தார்’ எனலாம், ‘வந்தான்’ எனலாகாது என்பதே. தம் மகளை வலிந்து ‘அவன்’ என்று அழைக்கும் தந்தையார், தம் மகளோடு மட்டும் முரணவில்லை, தொல்காப்பியரோடும் முரண்படுகின்றார்.

அடுத்து நன்னூலுக்கு வருவோர்க்கு இன்னும் தெளிவான செய்தி காத்திருக்கின்றது. நன்னூல் செய்த பவணந்தியார் கொங்கு நாட்டவர், பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவர் பிறந்த சனகை என்று கொங்கு மக்கள் போற்றி வருகின்றனர். தாராபுரத்திற்கு வடக்கே, இதே மண்ணில் நடமாடியவராகக் கருதப்படும் அப்பெரியார், பால் பகுக்கும் இடத்தில் இருதிறத்தாரையும் குறிப்பிடுகின்றார். பெண்மையை விடுத்து ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விடுத்துப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்பது அவர் துணிபு. இன்று திருநம்பி, திருநங்கை என்று வழங்கும் இருவரையும் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே அவர் தனித்தனியே கண்டிருக்கின்றார். அவர் கைக்கொண்ட அளவுகோலையும் நோக்குக. அது உடலுறுப்பு அன்று, விழைவு. உள்ளம் எதனை விரும்பி நிற்கின்றதோ, அதுவே பால்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் அறமாகாது. அந்நூற்பாவின் இறுதியில், இவ்விருவரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என்று பவணந்தியார் சேர்த்துச் சொல்கின்றார். அதனைச் சுட்டிக்காட்டி ‘அது வந்தது, இது போயிற்று’ என்று பேசுதற்கு இலக்கண இசைவு உண்டு என வாதிடுவாரும் இருக்கலாம். அவர்க்கு விடை எளிது. ‘போலவும்’ என்பது ‘ஆம்’ என்பதன்று. தம் காலத்து மக்கள் எவ்வாறு வழங்கினர் என்பதனை இலக்கண ஆசிரியர் பதிவு செய்கின்றார். அவ்வழக்கு நல்லது என்று அவர் சான்று தரவில்லை. பெண்ணைப் பொருளாகவும் உழைப்பாளியை மாடாகவும் பேசிய வழக்குகளும் ஒருகால் இருந்தன. அவற்றைத் தமிழர் விட்டொழிக்கவில்லையா? வழக்கு மக்களால் ஆவது, மக்களால் மாறுவது. மூத்த நூலாகிய தொல்காப்பியம் உயர்திணையில் அமர்த்திய மக்களைப் பிற்கால வழக்கொன்று கீழே தள்ளிற்றென்றால், மீண்டும் மேலே ஏற்றுவதே தமிழை மீட்பார் கடமை.

இங்குத் தமிழின் இன்னொரு நுண்மையும் எண்ணத்தக்கது. தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் ஆண் பெண் என்று பிரிப்பதில்லை. ‘நான் வந்தேன்’ என்பார் ஆணா பெண்ணா என்று அச்சொல் கேட்பதில்லை. ‘நீ உண்டாயா?’ என்னும்போதும் அவ்வாறே. படர்க்கையில்தான் பால் வந்து நிற்கின்றது. இதனால் என்ன விளைகின்றது? தம்மைத் தாமே பேசிக்கொள்ளும்போது அப்பிள்ளைக்கு இடர் இல்லை. நேர்நின்று அன்போடு பேசுவாராலும் இடர் இல்லை. பக்கத்தில் நிற்கும்போதே தன்னைப் பற்றிப் பிறர் தமக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில்தான் முள் தைக்கின்றது. திருமண வீட்டில், பள்ளி முற்றத்தில், மருத்துவமனை வரிசையில், கடைத்தெருவில் ஒரு சிறு ‘-ஆன்’ ஈறு நாளொன்றுக்கு நூறுமுறை தைக்கின்றது. ஓர் ஈறுதானே என்று அதனை எளிதாக எண்ணுவார், தம் பெயரை நூறுமுறை பிறழக் கூறுவாரோடு ஒருநாள் வாழ்ந்து பார்க்கட்டும்!

பெயர்ச்சொற்களின் வரலாறும் இதனையே உணர்த்தும். பேடி, அலி என்னும் பழஞ்சொற்கள் நாளடைவில் வசவாகித் தேய்ந்தன. கூவாகத்து அரவான் விழாவை ஒட்டி அரவாணி என்னும் பெயர் வழங்கிற்று. தமிழ்நாட்டரசு 2008ஆம் ஆண்டு, நாட்டிலேயே முதன்முறையாக இம்மக்கட்கென ஒரு நல வாரியத்தை அமைத்தபோதும் அரவாணிகள் நல வாரியம் என்றே அதற்குப் பெயரிட்டது. பின்னர்த் திருநங்கை என்னும் சொல் மக்கள் நாவில் நிலைபெற்றது. 2022ஆம் ஆண்டு, சென்னை உயர் அறமன்றத்தின் வழிகாட்டலால், இம்மக்களைக் குறிக்க வேண்டிய மதிப்புள்ள சொற்களின் பட்டியலைத் தமிழ்நாட்டரசு வெளியிட்டது. திருநர், திருநங்கை, திருநம்பி என்று எத்துணை அழகிய சொற்கள்! திருவும் தமிழ், நங்கையும் தமிழ், நம்பியும் தமிழ். பிற மொழியார் பலர் இம்மக்களைக் குறிக்க ஆங்கிலத்திடம் கையேந்தி நிற்கையில், தமிழ் தன் வேரிலிருந்தே வாழ்த்துப் போன்ற சொற்களை ஈன்றெடுத்தது. அச்சொற்களை மேடையில் மட்டும் வழங்கிவிட்டு வீட்டிற்குள் பழைய வசவைப் பேசுவது மொழிப்பற்று ஆகுமா?

இது மேலை நாட்டிலிருந்து வந்த புதுக்காய்ச்சல் என்பார் சிலர். அவர் மணிமேகலையைத் திறந்து மலர்வனம் புக்க காதையைப் பார்ப்பாராக. புகார் நகரத்துத் தெருவில் பேடிக்கோலத்து ஆடலைச் சூழ்ந்து நின்று காணும் மக்களைச் சாத்தனார் காட்டுகின்றார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடு என்பதும் ஒன்று. ஈராயிரம் ஆண்டுத் தமிழிலக்கணமும் இலக்கியமும் அறிந்திருந்த மக்களைப் புதியவர் என்பது, தம் நூல்களைத் தாமே படியாதார் கூற்று.

‘இளமை மயக்கமாக இருந்தால் என் செய்வது?’ என்று கவலும் பெற்றோர் உண்டு. அக்கவலையை எள்ளுதல் கூடாது; அது அன்பினின்று பிறந்தது. அவர்க்குச் சொல்லத்தக்கது இதுவே: அறுவை மருத்துவம் என்பது அகவை முதிர்ந்தபின், தேர்ந்த மருத்துவரோடு கலந்து, நன்கு எண்ணித் துணிய வேண்டிய செயல். அதற்கு விரைவு வேண்டா. ஆனால், பெயரை மாற்றி அழைப்பதால் எவருக்கும் குருதி சிந்துவதில்லை. முடியை வளர்க்க விடுவதால் குடி மூழ்குவதில்லை. சொல்லைத் தந்துவிட்டுக் காத்திருக்கலாம். காலம் தன் விடையைத் தானே கூறும். சொல்லையும் தர மறுத்துத் துரத்திவிட்டால், அப்பிள்ளை தேர்ந்த மருத்துவரிடம் போவதற்கு மாறாகத் தேராதார் கையில் சிக்கும். எது பேரிடர் என்பதைப் பெற்றோரே எடைபோட்டுக் கொள்ளட்டும்.

பேயோட்டியிடமும், ‘இதை மாற்றித் தருகிறேன்’ என்பாரிடமும் பிள்ளையை இழுத்துச் செல்வது கொடிது. இது உளநோய் அன்று. உலக நலவாழ்வு அமைப்பு 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், இந்நிலையை உளநோய்ப் பகுதியினின்றே நீக்கிவிட்டது. அப்பட்டியல் 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் பால் உணர்வை வலிந்து மாற்ற முற்படும் மருத்துவம் தொழில் ஒழுக்கக்கேடு என்று இந்தியத் தேசிய மருத்துவ ஆணையமும் 2022ஆம் ஆண்டு அறிவித்தது. இந்திய உச்ச அறமன்றம் 2014 ஏப்பிரல் 15ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், தம் பாலைத் தாமே உணர்ந்து உரைக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்றும், அதற்கு அறுவை கட்டாயம் ஆகாது என்றும் கூறிற்று. விழைவே அளவுகோல் என்று பவணந்தியார் கண்ட இடத்திற்கு, அறமன்றமும் எண்ணூறு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது!

தொடக்கத்தில் கிடைக்கும் துணை ஒருவரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு மதுரை ஈன்ற நர்த்தகி நடராசு அவர்களே போதிய சான்று. இளமையில் வீட்டாராலும் சூழ்ந்தாராலும் ஒதுக்கப்பட்ட அவருக்குத் துணையாக இருந்தவர் தம்மைப் போன்றே உணர்ந்த தோழி சக்தி. இருவரும் ஒருவர்க்கொருவர் ஊன்றுகோல் ஆயினர். ஆடற்கலை கற்கும் வேட்கையோடு, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையை அடைந்தனர். அப்பேராசான் அவர்களை மாணவியராக ஏற்றார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவரிடம் பயின்றார் நர்த்தகி. அவர்க்கு அப்பெயரைச் சூட்டியவரும் அவ்வாசிரியரே. பெயர் வடசொல்லாயினும், பெயர் சூட்டிய நெஞ்சம் தமிழ் நெஞ்சம்! ஒரு தோழியும் ஓர் ஆசிரியரும் ஒரு பெயரும், இம்மூன்றே அவர் பெற்ற முதல். அம்முதலைக் கொண்டு அவர் ஈட்டியதை நாடறியும். 2019ஆம் ஆண்டு தாமரைத்திரு (பதுமசிரீ) விருது பெற்றார். திருநங்கையருள் அவ்விருது பெற்ற முதல்வர் அவர். 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக அமர்த்தப்பெற்றார்.

மாறாக, துணை மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதைக் கொங்கு மண்ணிலேயே, நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்த ரேவதி அவர்கள் தம் வாழ்க்கை வரலாறாகிய ‘வெள்ளை மொழி’யில் எழுதியுள்ளார். 2011ஆம் ஆண்டு தமிழில் வெளிவந்த அந்நூலில், வீட்டில் பட்ட அடியையும், தில்லிக்கும் மும்பைக்கும் அலைந்த அலைச்சலையும் ஒளிவு மறைவின்றிக் கூறுகின்றார். படிப்பார் நெஞ்சில் எழும் வினா ஒன்றே: அத்துணை அறிவும் சொல்லாற்றலும் வாய்ந்த ஒருவர்க்கு, அவர் பிறந்த வீடே ஒரு நிழல் தந்திருந்தால், அவ்வளவு தொலைவு அலைந்திருக்க வேண்டுமா?

சேலத்துப் பிரித்திகா யாசினி அவர்கள் காவல்துறை உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, அவர்க்கென ஒரு கட்டமே விண்ணப்பத்தாளில் இல்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் அழுது ஓயவில்லை. சென்னை உயர் அறமன்றத்தின் கதவைத் தட்டினார். 2015ஆம் ஆண்டு தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2017ஆம் ஆண்டு தருமபுரியில் காக்கியுடை அணிந்து பணியேற்றார். தாளில் இல்லாத ஒரு கட்டத்தைத் தம் துணிவால் வரைந்தவர் அவர். அவர்க்குப் பின் வருவார்க்கு அக்கட்டம் இனி இருக்கின்றது.

தாராபுரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இத்தொடக்கத்தில் நிற்கும் இளையோர் ஓர் உண்மையை உள்ளத்தில் நிறுத்துக. துணிவு என்பது அச்சம் இல்லாமை அன்று. அச்சத்தோடும் அடியெடுத்து வைத்தல். எல்லாரிடமும் ஒரே நாளில் சொல்ல வேண்டா. நம்பத்தக்க ஒருவரை முதலில் தேர்க. அவர் அத்தையாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், தோழராக இருக்கலாம். இவ்வழியில் முன்னரே நடந்த மூத்தோரைத் தேடி அவர் பட்டறிவைக் கேட்க. கல்வியை எக்கரணியத்தாலும் இடையில் விடற்க. பிற்காலத்தில் எவர் கைவிட்டாலும் அது கைவிடாது. மருத்துவம் வேண்டின் அரசு மருத்துவமனையை நாடுக. பாலின மாற்று அறுவையைக் கட்டணமின்றிச் செய்ய அங்கு அரசு வழிவகுத்துள்ளது. மறைவில் அறுவை செய்வாரை நாடி உயிரை இழத்தல் கூடாது.

ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. வகுப்பில் எழும் முதல் நகைப்பை அடக்கும் ஆற்றல் அவரிடம் இருக்கின்றது. அந்நகைப்பைக் கேட்டும் கேளாதார் போல் கரும்பலகைப் பக்கம் திரும்பும் ஆசிரியர், கிளவியாக்கத்தை நூறுமுறை நடத்தினும் அதனைக் கற்றவர் ஆகார். உயர்திணை என்னும் சொல்லைப் பாடமாக நடத்துபவர், வகுப்பின் கடைசி இருக்கையில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அதனை மெய்ப்பித்துக் காட்டல் வேண்டும்.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். இருபது ஆண்டு அழைத்துப் பழகிய பெயரை ஒரே நாளில் நா மறந்துவிடாது. புதுப்பெயர் வாயில் வரத் தயங்கும். அது குற்றம் அன்று. ஆனால், கொங்குத் தாய்மார் நாவில் என்றும் ஒரு சொல் இருக்கின்றது. ‘கண்ணு’ என்பது அச்சொல். மகனையும் கண்ணு என்பர். மகளையும் கண்ணு என்பர். கண்ணுக்கு ஆண்பால் இல்லை, பெண்பால் இல்லை. அன்பு ஒன்றே உண்டு. பழம்பெயர்க்கும் புதுப்பெயர்க்கும் இடையில் அச்சொல்லைப் பாலமாக இடுக. கதவைத் திறந்து வைத்து, “கண்ணு, சாப்பிட வா” என்று அழைக்க. அவ்வழைப்பு காதில் விழும் பிள்ளை பேருந்து நிலையத்துக்குப் போகாது.

தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும். தமிழ் வாழ்வதென்பது தமிழ் மக்கள் அனைவரும் தலைநிமிர்ந்து வாழ்வதே அன்றோ? தொல்காப்பியர் தெய்வத்தின் பக்கத்தில் இடம் தந்த மக்களுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இடம் தர மறுப்பவர், எத்தமிழைக் காக்கப் புறப்பட்டார்?